கொஞ்சமாகப் பேசும் பெட்டி

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். பழவேற்காட்டுக் கரையில் பிறந்தவள். செல்போன் டவர் பராமரிக்கிற வேலையில் பன்னிரண்டு வருஷமா இருக்கேன். அதனாலதான் இந்தத் தலைப்பை என்கிட்ட கொடுத்திருக்காங்க. நம்ம கூட்டமைப்பு முன்னாடி இப்ப ஒரு கடன் மனு இருக்கு. நண்டு கொழுக்க வைக்கிற குழுக்களும் கொடுவா வளர்க்கிற குழுக்களும் சேர்ந்து கொடுத்த மனு. தண்ணியோட உப்பு, சூடு, பிராணவாயு இதையெல்லாம் அளந்து நம்ம போனுக்கே சேதி அனுப்புற பெட்டி வாங்கணும்னு கேட்டிருக்காங்க. விற்க வந்தவர், "சிம் போட்ட பெட்டிம்மா, தண்ணியில விட்டுட்டா போதும், பத்து வருஷத்துக்குப் பேட்டரியே மாத்த வேணாம்" என்று சொல்லிட்டுப் போயிருக்கார். நீங்க கை தூக்குறதுக்கு முன்னாடி அது நிஜமா, நம்ம சேமிப்புப் பணத்தை அதில் போடலாமா என்று விளக்கிச் சொல்லணும். அதுதான் எனக்குக் கொடுத்த வேலை.

முதல்லயே சொல்லிடறேன். பெட்டி பொய்யில்லை. அந்தப் பத்து வருஷக் கணக்கும் பொய்யில்லை. ஆனா அது பெட்டியோட கணக்கு. நம்ம தண்ணிக்கும் நம்ம கைக்கும் தனிக் கணக்கு இருக்கு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வைச்சுப் பார்த்துட்டு முடிவு பண்ணுவோம்.

சிம் கார்டு மனுஷங்களுக்கு மட்டுமா?

சிம் கார்டுன்னா மனுஷங்க பேசறதுக்குன்னு நினைச்சிட்டிருக்கோம். இப்ப பொருள்களும் பேசுது. நம்ம பிள்ளைகளுக்குப் போடுற தடுப்பூசியை எடுத்துக்கோங்க. அதில் பெரும்பாலானதை 2 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குள்ள வைச்சிருக்கணும். சூடு ஏறினா மருந்து வீண். 2015-ல் மத்திய சுகாதாரத் துறை, ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தோட உதவியில் 'ஈவின்' என்று ஒரு ஏற்பாட்டைத் தொடங்கிச்சு. மருந்து வைக்கிற குளிர்பெட்டியில் சிம் போட்ட ஒரு சின்னக் கருவி இருக்கும். பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் சூட்டை அளந்து வைச்சுக்கும், இடைவெளி விட்டு அனுப்பும். அளவு தாண்டினா பொறுப்பாளருக்குச் சேதி போகும். நர்ஸம்மா ராத்திரி முழிச்சு உட்கார்ந்து பார்க்க வேண்டியதில்லை.

2018-ல் நம்ம போன் நம்பர் எல்லாம் 13 இலக்கம் ஆகப் போகுதுன்னு வாட்ஸ்அப்பில் ஒரு வதந்தி ஓடிச்சே, ஞாபகம் இருக்கா? எத்தனை பேர் என்கிட்ட ஓடி வந்து கேட்டீங்க! நம்ம நம்பர் 10 இலக்கம்தான், இன்னிக்கும் அப்படியேதான் இருக்கு. அந்த 13 இலக்கம், இந்த மாதிரிப் பேசுற பொருள்களோட சிம்முக்கு. மனுஷ நம்பரும் பொருள் நம்பரும் கலந்துடக் கூடாதுன்னு அரசாங்கம் தனியாப் பிரிச்சு வைச்சது. எவ்வளவு பொருள் பேசப் போகுதுன்னு அப்பவே கணக்குப் போட்டிருக்காங்க.

ஒரு சின்னப் பேட்டரி பத்து வருஷம் எப்படி வரும்?

நம்ம போன் ஒரு நாள்கூடத் தாங்கறதில்லை. பெட்டி மட்டும் எப்படித் தாங்கும்? இதுக்குப் பின்னாடி மூணு விஷயம் இருக்கு.

முதலாவது, தூக்கம். நம்ம போன் தூங்கறதே இல்லை. யாராவது கூப்பிடுவாங்களான்னு டவரை நாள் முழுக்கக் கவனிச்சுக்கிட்டே இருக்கும். இந்தப் பெட்டி வளைக்குள்ள கிடக்கிற களிநண்டு மாதிரி. சேதி சொல்லிட்டு, "நான் தூங்கப் போறேன், இத்தனை மணி நேரம் கழிச்சு எழுந்துக்குவேன்" என்று டவர்கிட்ட சொல்லிட்டு முழுசா அடங்கிடும். அது தூங்கும்போது நாம கூப்பிட்டாலும் கேட்காது. தானா எழுந்து பேசும்போது மட்டும்தான் நாம அதுக்கு ஒண்ணு சொல்ல முடியும். இதை மறந்துடாதீங்க. கடலுக்குப் போற விஷயம் பேசும்போது மறுபடியும் சொல்வேன்.

இரண்டாவது, குறுகின பாதை. படம், பாட்டு, வீடியோ எல்லாம் போற 4ஜி சிக்னல் அகலமான ரோடு. ஒரு 4ஜி ரோடு 20 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் அகலம் இருக்கும். இந்தப் பெட்டிக்கு 180 கிலோஹெர்ட்ஸ் போதும், சுமார் நூறில் ஒரு பங்கு. ஒத்தையடிப் பாதை. "உப்பு 28, சூடு 31" என்று ரெண்டு எண் சொல்ல அதுக்கு மேல என்ன வேணும்? இந்தப் பாதைக்கு நேரோ பேண்ட் ஐஓடி, சுருக்கமா என்பி-ஐஓடி என்று பேர். 2016 ஜூன்ல இதோட விதிகளை முடிச்சுக் கொடுத்தது 3ஜிபிபி. செல்போன் தொழில்நுட்பத்துக்கு விதி எழுதுற உலக அமைப்பு அது. பல நாட்டு அமைப்புகள் சேர்ந்து உட்கார்ந்து பேசி முடிவெடுக்கிற இடம், ஒரு வகையில் அதுவும் நம்மள மாதிரி கூட்டமைப்புதான்.

மூணாவது, திருப்பித் திருப்பிச் சொல்றது. காத்து அடிக்கிற நேரத்துல அக்கரையில இருக்கிறவங்களுக்கு எப்படிச் சேதி சொல்வோம்? நீளமாப் பேசினா போய்ச் சேராது. "படகு வருது" என்கிற ஒரே வார்த்தையை நிதானமா நாலு தடவை கத்துவோம். ஒரு தடவை காத்துல போனாலும் இன்னொரு தடவை காதுல விழும். இந்தப் பெட்டியும் சிக்னல் மோசமா இருந்தா ஒரே சேதியை 128 தடவை வரைக்கும் திருப்பி அனுப்பும். அதனால சாதாரண போன் சிக்னல் எட்டாத மூலையிலிருந்தும் இதோட குரல் டவருக்கு எட்ட வாய்ப்பு இருக்கு. ஆனா நாலு தடவை கத்தினா தொண்டை வத்துதில்லையா? அதே மாதிரி சிக்னல் மோசமான இடத்தில் வைச்சா பேட்டரி சீக்கிரம் தீரும்.

ஆயிரக்கணக்கான பெட்டி ஒரே டவர்கிட்ட பேசினா அடிதடி வராதான்னு கேட்பீங்க. நம்ம ஏரியில பாடு முறை இருக்கே, இன்னிக்கு இந்த இடம் யாருக்கு, நாளைக்கு யாருக்குன்னு முறை வைச்சு வலை விடுற வழக்கம். டவரும் அப்படித்தான் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு முறை கொடுக்கும். முறை வந்ததும் பேசிட்டு ஒதுங்கிக்கணும்.

நம்ம நாட்டில் இது வந்தாச்சு. 2023 ஜனவரியில் ஏர்டெல்லும் செக்யூர் மீட்டர்ஸ் கம்பெனியும் சேர்ந்து, பீகாரில் 13 லட்சம் வீட்டுக்கு இந்த வகைச் சிக்னலில் பேசுற கரண்ட் மீட்டர் வைக்கிறதா அறிவிச்சாங்க. இந்தச் சிக்னல் கிடைக்கலைன்னா 2ஜிக்கோ 4ஜிக்கோ மாறிக்கிற வசதியும் அதில் உண்டு. ஒண்ணு கவனிங்க. மீட்டர் சுவத்துல இருக்கும், கரண்ட் அங்கேயே கிடைக்கும், உப்புத் தண்ணி படாது. நம்ம கதை வேற.

நம்ம தண்ணிக்கு வருவோம்

சில்காவுக்கு அடுத்தபடியா நாட்டிலேயே பெரிய உவர்நீர் ஏரி நம்முடையது. மழைக்காலத்தில் ஆரணி ஆறும் காளங்கியும் நல்ல தண்ணியைக் கொண்டு வந்து கொட்டும். கோடையில் முகத்துவாரம் மணல் அடைச்சுக்கிட்டா ஏரி அப்படியே வத்தும். கடல் தண்ணியில லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அடைபட்ட கோடையில் நம்ம ஏரியோட சில பக்கம் அதையும் தாண்டும். இறாலைக் கையால தடவிப் பிடிக்கிற அக்காமார்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை, காலை வைச்சதுமே சொல்லிடுவீங்க.

பிராணவாயுவும் அப்படித்தான். தண்ணியில இருக்கிற பாசி பகல்ல வெயில் இருக்கும்போது பிராணவாயு விடும். ராத்திரியில பாசியும் மூச்சு வாங்கும், மீனும் மூச்சு வாங்கும். அதனால விடியற்காலையிலதான் பிராணவாயு ரொம்பக் குறைஞ்சிருக்கும். கொடுவா வளர்க்கிறவங்க காலையில போய்ப் பார்த்தா மீன் மேல வந்து வாயைத் திறந்துக்கிட்டு நிக்கும், இல்லைன்னா மிதக்கும். ராத்திரி 2 மணிக்கே போன்ல ஒரு சத்தம் வந்திருந்தா ஓடிப் போய் தண்ணியைக் கலக்கி விட்டிருக்கலாம். மனு கொடுத்த குழுக்கள் கேட்கிறது இதைத்தான். நியாயமான கேள்வி. மூணு நாலு வாரம் தீனி போட்டுத் தேத்தின நண்டு ஒரே ராத்திரியில செத்தா, போறது நண்டு மட்டுமில்லை, உள்கடனோட தவணையும் சேர்ந்துதான் போகும்.

ஆனா விற்க வந்தவர் சொல்லாம விட்டது மூணு இருக்கு.

ஒண்ணு, "தண்ணியில விட்டுட்டா போதும்" என்றது தப்பு. உப்புத் தண்ணிக்குள்ள ரேடியோ சிக்னல் போகாது. அளக்கிற முனைதான் தண்ணிக்குள்ள இருக்கலாம். பேசுற ஆண்டெனா தண்ணிக்கு மேல, கம்பத்துல இருக்கணும். அந்தக் கம்பம் காத்துக்கும் அலைக்கும் படகு இடிக்கிறதுக்கும் தாங்கணும்.

ரெண்டு, பேட்டரி பத்து வருஷம் வரும் என்கிற கணக்கு, நாளைக்கு ஒருதரம் சின்னச் சேதி சொன்னா வர்ற கணக்கு. நமக்கு ராத்திரியில மணிக்கு ஒருதரம் சேதி வேணும். அப்ப ஆயுள் பாதியாகும், அதுக்கும் கீழேயும் போகும். பிராணவாயு அளக்கிற முனைக்கே தனியாக் கரண்ட் செலவு உண்டு.

மூணு, இதுதான் முக்கியம். பேட்டரி பத்து வருஷம் இருக்கலாம், அளக்கிற முனை அப்படி இருக்காது. நம்ம ஏரியில ஒரு குச்சியை ஊன்றி வைச்சாலே சில வாரத்துல பாசியும் கொட்டலசும் ஏறிடும். முனை மேல அழுக்கு ஏறினா பெட்டி தப்பான எண்ணைத்தான் சொல்லும், அதுவும் தைரியமாச் சொல்லும். வாரம் ஒரு தடவையாவது துடைக்கணும். அளவு சரியா இருக்கான்னு சோதிக்கணும். யார் இறங்கித் துடைப்பா? நாமதான். அந்த வேலைக்குக் கூலி யார் கொடுப்பா? விலைப் பட்டியலில் பெட்டிக்கு விலை இருக்கு, சிம்முக்கு வாடகை இருக்கு, துடைக்கிற கைக்கு ஒரு ரூபாயும் இல்லை. பொம்பளைங்க வேலைன்னா கணக்குல ஏறாமலே போறது நமக்குப் புதுசா? நம்ம கூட்டமைப்பு கடன் கொடுத்தா, அந்தக் கூலியையும் சேர்த்துப் போட்ட கணக்கைப் பார்த்துட்டுத்தான் கொடுக்கணும்.

கடலுக்குப் போறவங்களுக்கு இது உதவுமா?

போன கூட்டத்துல ஒரு அக்கா கேட்டாங்க, "இந்தப் பெட்டியை எங்க வீட்டுக்காரர் படகுல கட்டி விட்டா எங்க இருக்கார்னு தெரியுமா?" என்று. இதுக்குப் பதிலை எல்லாரும் நல்லாக் கேட்டுக்கோங்க, உயிர் சம்பந்தப்பட்டது.

இது செல்போன் டவரை நம்பி வாழுற பெட்டி. கரையிலிருந்து கொஞ்ச தூரம் வரைக்கும்தான் டவரோட கை நீளும். ஆழ்கடலுக்குப் போயிட்டா என்னதான் திருப்பித் திருப்பிக் கத்தினாலும் கேட்கிறதுக்கு அங்க காது இல்லை. அதோட என்பி-ஐஓடி ஒரே இடத்தில் நிக்கிற பொருளுக்குன்னு செஞ்சது. ஓடுற பொருளுக்கு எல்டிஇ-எம் என்று இன்னொரு வகை இருக்கு. அதுக்கும் டவர் வேணும். புயலில் டவருக்குக் கரண்ட் போனா ரெண்டுமே ஊமை. 2016 டிசம்பர் வர்தாவிலும் 2023 டிசம்பர் மிக்ஜாமிலும் போன் எப்படி அடங்கிப் போச்சுன்னு பார்த்தவங்க நாம.

கடலுக்கு வானத்துல இருக்கிற செயற்கைக்கோள்தான் வழி. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தப்ப, கன்னியாகுமரிப் பக்கம் கடலில் இருந்த எத்தனையோ பேருக்கு எச்சரிக்கை போய்ச் சேரவே இல்லை. கரையில் சேதி இருந்தது, கடலுக்கு அதைக் கொண்டு போக வழி இல்லை. 2020 டிசம்பரில் பிஎஸ்என்எல், ஸ்கைலோ என்கிற கம்பெனியோட சேர்ந்து, இதே குறுகின பாதைச் சிக்னலைச் செயற்கைக்கோள் வழியா அனுப்புற ஏற்பாட்டை அறிவிச்சது. மீனவர்களுக்கும் உதவும்னு அப்பவே சொன்னாங்க. அப்புறம் 2024 ஆகஸ்ட் 30 அன்னிக்கு மத்திய அரசு ஒரு திட்டத்தைத் தொடங்கிச்சு. சுமார் 360 கோடி ரூபாயில், 13 கடலோர மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் கொடுக்கிற திட்டம். இஸ்ரோ உருவாக்கினது. படகிலிருந்து கரைக்கும் கரையிலிருந்து படகுக்கும் சேதி போகும்.

அதனால அக்கா, உங்க வீட்டுப் படகுக்கு வேண்டியது அந்த டிரான்ஸ்பாண்டர். மீன்வளத் துறை அலுவலகத்தில் அதுக்குக் கேளுங்க. குளத்துக்குச் செஞ்ச பெட்டியைப் படகில் கட்டிட்டு, "அவர் எங்க இருக்கார்னு தெரியும்" என்று நிம்மதியாத் தூங்கிடாதீங்க. அந்த நிம்மதிதான் ஆபத்து. பெட்டி பேசலைன்னா அது தூங்குதா, டவர் இல்லையா, படகு கவிழ்ந்துச்சா, எதுன்னும் தெரியாது.

சேதி முதல்ல யார் கைக்கு?

பெட்டி அளக்கிற எண் நேரா நம்ம போனுக்கு வராது. முதல்ல டவருக்கு, அங்கிருந்து கம்பெனியோட கம்ப்யூட்டருக்கு, அப்புறம்தான் நமக்கு. நடுவுல அதை யார் பார்க்கிறாங்க? நம்ம தொட்டியில எத்தனை நண்டு எப்ப தேறுதுன்னு வியாபாரிக்கு நமக்கு முன்னாடியே தெரிஞ்சா, விலை பேச வரும்போது அவர் கை மேல, நம்ம கை கீழே. "பிராணவாயு குறையுது" என்று அவர் போனுக்கும் சேதி போச்சுன்னா, "சாகப் போற சரக்கு, பாதி விலைக்குக் கொடு" என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? முன்பணம் வாங்கி மாட்டிக்கிட்டு, குழு ஆரம்பிச்சு மெல்ல மெல்ல வெளியே வந்தவங்க நாம. பெட்டி வழியா மறுபடியும் அந்த வலைக்குள்ள போகக் கூடாது.

இதுக்கு நல்ல பக்கமும் இருக்கு. முகத்துவாரம் அடைச்சப்ப உப்பு எவ்வளவு ஏறிச்சு, மழை வந்தப்ப எத்தனை நாள்ல இறங்கிச்சு, எந்தப் பக்கம் தண்ணி சூடாச்சு, இதெல்லாம் தேதியோட நம்ம நோட்டில் இருந்தா, அதிகாரிகள் முன்னாடி நம்ம பேச்சுக்கு ஒரு எடை வரும். "தண்ணி கெட்டுப் போச்சு சார்" என்று சொன்னா கேட்டுட்டுப் போயிடுவாங்க. "இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரைக்கும் இவ்வளவு இருந்தது, இதோ பாருங்க" என்றால் பதில் சொல்லியே ஆகணும். ஏரியைப் பத்தின கணக்கு ஏரியில இறங்குறவங்க கையில இருக்கணும். எனக்கு இந்தப் பெட்டி மேல ஆசை வர்றதுக்குக் காரணமே அதுதான்.

தீர்மான நோட்டில் எழுதிக்க வேண்டியது

விற்க வர்றவர்கிட்ட அஞ்சு கேள்வி கேளுங்க. பதிலை அவர் கையெழுத்தோட வாங்கி நோட்டில் ஒட்டுங்க.

1. இது எந்த நெட்வொர்க்கில் பேசும்? நம்ம குளம் இருக்கிற இடத்திலேயே ஒரு வாரம் வைச்சுக் காட்டுவீங்களா? 2ஜியில் மட்டும் பேசுற பழைய பெட்டியை வாங்காதீங்க. சிங்கப்பூரில் 2017 ஏப்ரலில் 2ஜியையே நிறுத்திட்டாங்க. இங்கேயும் ஒருநாள் நின்னா அந்தப் பெட்டி வெறும் டப்பா.

2. ராத்திரியில் மணிக்கு ஒருதரம் பேசினா பேட்டரி எத்தனை மாசம் வரும்? தீர்ந்தா நாமே மாத்தலாமா, பெட்டியையே தூக்கிப் போடணுமா?

3. அளக்கிற முனை எத்தனை மாசத்துக்கு ஒருதரம் மாத்தணும், அதுக்கு என்ன விலை? துடைக்கவும் சோதிக்கவும் நம்ம பொம்பளைங்களுக்கு யார் கத்துக் கொடுப்பா?

4. சிம் யார் பேரில்? வருஷ வாடகை எவ்வளவு? கம்பெனியை மூடிட்டா பெட்டி வேலை செய்யுமா?

5. எண்கள் யார் யார் போனுக்குப் போகும்? பழைய கணக்கு முழுசையும் கேட்டா கொடுப்பீங்களா?

என் யோசனையைச் சொல்லி முடிக்கிறேன். மனுவை நிராகரிக்க வேணாம், அப்படியே ஒத்துக்கவும் வேணாம். எல்லாக் குழுவுக்கும் சேர்த்து இப்ப ஒரே ஒரு பெட்டி. மழைக்காலத்துல வைச்சு கோடை முடியிற வரைக்கும் ஓட்டிப் பார்ப்போம். பெட்டி சொல்ற எண் ஒரு பக்கம், தினமும் காலையில நம்ம குழுப் பெண் ஒருத்தர் கையால அளந்து எழுதுற எண் ஒரு பக்கம். ரெண்டும் ஒத்துப் போகுதான்னு மாசக் கூட்டத்துல படிப்போம். அளக்கிற பெண்ணுக்கு மாசக் கூலி இப்பவே நிர்ணயிப்போம். எந்த அளவுக்குக் கீழே போனா கவலைப்படணும் என்கிறதை உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையமான சிபாவில், முட்டுக்காட்டிலோ சென்னையிலோ கேட்டுத் தெரிஞ்சுக்குவோம். கோடை முடிஞ்சதும் நண்டு எவ்வளவு தப்பிச்சது, செலவு எவ்வளவு ஆச்சுன்னு பார்த்துட்டு மத்த பெட்டிகளுக்குக் கடன் கொடுக்கலாமான்னு அப்ப ஓட்டெடுப்போம்.

பெட்டியைக் கொஞ்சமாப் பேச விடுங்க, அதுக்கு அதுதான் அழகு. அதை வாங்குறதுக்கு முன்னாடி நாம மட்டும் நிறையப் பேசிடணும். இப்ப உங்க கேள்விகளைக் கேளுங்க, பின்வரிசையிலிருந்து ஆரம்பிக்கலாம்.